நீண்ட நாள் உழைக்கும் மிக்ஸியும் ஃபுட் பிராசசரும்: பார்த்து வாங்குவது எப்படி?

புது மிக்ஸி வாங்குவது என்று முடிவாகிவிட்டதா? ஷோரூமுக்குக் கிளம்புவதற்கு முன்னால், உங்கள் ஊரில் மிக்ஸி, குக்கர், அடுப்பு பழுதுபார்க்கும் சின்னக் கடைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வீட்டிலிருக்கும் பழைய ஜாருக்கு ஒரு வாஷர் வாங்குகிற சாக்கு போதும். சுவரில் என்ன தொங்குகிறது என்று கவனியுங்கள். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர், பிளேடின் தண்டு சுற்றுகிற புஷ், பிளேடு, மூடி, கேஸ்கெட் எல்லாம் கம்பெனி வாரியாகத் தொங்கும். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எந்த மாடலுக்கு சாமான் கிடைக்க மாட்டேங்குது?" யோசிக்காமல் சொல்வார். அந்தப் பெயர்களை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அதிகம் தொங்குகிற கம்பெனிதானே அடிக்கடி கெடுகிறது என்று தோன்றலாம். அது அதிகம் விற்கிற கம்பெனியாகவும் இருக்கும். எந்த மிக்ஸியிலும் கப்ளரும் புஷ்ஷும், மோட்டாருக்குள் மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ்ஷும் தேயத்தான் செய்யும். தேய்ந்ததை மாற்ற முடிந்தால் மிக்ஸி பத்து வருஷம் தாண்டியும் ஓடும். மாற்ற முடியாவிட்டால் நல்ல மோட்டாரோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

படி 1: என்ன அரைக்கப் போகிறீர்கள்?

காலையில் சட்னி, எப்போதாவது கொஞ்சம் பொடி, ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு மசாலா. இவ்வளவுதான் என்றால் 500 வாட்டே தாராளம். நாலைந்து பேர் இருக்கிற வீடு, வடைக்கு உளுந்து, அடைக்குப் பருப்பு என்றால் 750 வாட். பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான அளவு. காய்ந்த மஞ்சள் கிழங்கை வீட்டிலேயே பொடிப்பவர்கள் 1000 வாட்டைப் பற்றி யோசிக்கலாம். என்னைக் கேட்டால் மஞ்சளை மில்லில் கொடுத்துவிடுங்கள்.

வாரம் தவறாமல் இட்லி மாவு ஆட்டுகிற வீடாக இருந்தால், அதற்காகப் பெரிய மிக்ஸி வாங்காதீர்கள். மிக்ஸி பிளேடு சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 முதல் 20,000 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் மாவு சூடாகிவிடும், ஐஸ் தண்ணீர் ஊற்றி ஊற்றி அரைக்க வேண்டியிருக்கும். மேசை மேல் வைக்கிற கிரைண்டரில் பெரும்பாலும் 150 வாட் மோட்டார்தான். அது மெதுவாகச் சுற்றி, வருஷக்கணக்கில் அலுக்காமல் மாவாட்டுகிறது. வாட் அதிகமானால் ஆயுசும் அதிகம் என்று விற்பனையாளர் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் என்பது மோட்டார் இழுக்கிற மின்சாரம். அதில் எவ்வளவு அரைக்கிற வேலையாக மாறுகிறது, எவ்வளவு சூடாகப் போகிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 750 வாட் மிக்ஸியை தினம் 10 நிமிடம் ஓட்டினாலும் மாதம் நாலு யூனிட்டைத் தாண்டாது.

படி 2: ஃபுட் பிராசசர் தேவையா?

இங்கே கடைகளில் ஃபுட் பிராசசர் என்று விற்பதில் பெரும்பகுதி மிக்ஸியோடு சேர்ந்து வருகிற பெரிய கிண்ணம்தான். காய் நறுக்க, துருவ, சீவ, சப்பாத்தி மாவு பிசைய, சாறு பிழிய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டோ பிளேடோ கொடுப்பார்கள். ப்ரீத்தி ஸோடியாக் அந்த வகை. தனி ஃபுட் பிராசசர் மெதுவாகச் சுற்றுகிற மோட்டாரோடு வரும். பிரான்சின் மேஜிமிக்ஸ் கம்பெனி, தேய்கிற கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் போட்டு, அந்த மோட்டாருக்கு 30 வருஷம் உத்தரவாதம் தருகிறது. ஆனால் நம் ஊரில் அதற்கு சாமான் தேடி அலைய முடியாது. தவிர, மிளகாய் மல்லி அரைக்கவும் தேங்காய் வெண்ணெய் போல வரவும் எப்படியும் மிக்ஸி வேண்டும்.

தினமும் பத்துப் பதினைந்து சப்பாத்தி, அவியலுக்கும் பொரியலுக்கும் கிலோக் கணக்கில் காய் என்று இருக்கிற வீட்டுக்கு இந்தக் கிண்ணம் பெரிய உதவி. இரண்டு பேருக்கு இரண்டு வெங்காயம் நறுக்க அது வேண்டாம். நறுக்குவது அரை நிமிடம், கழுவித் துடைத்து வைப்பது ஐந்து நிமிடம். பாதி வீடுகளில் அது பரணுக்குப் போவது இதனால்தான்.

வேண்டும் என்று முடிவு செய்தால் மூன்றைப் பாருங்கள். மூடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நீட்டம் இருக்கும். அது உள்ளே பொருந்தினால்தான் மெஷின் ஓடும். விரல் வெட்டாமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. மெல்லிசாக இருந்தால் ஒருநாள் உடையும், அத்தோடு மோட்டார் நன்றாக இருந்தும் கிண்ணம் ஓடாது. மூடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டாவது, காய் போடுகிற குழாயின் அகலம். ஒரு நடுத்தரக் கேரட் முழுசாக இறங்க வேண்டும். அதையும் கீறித்தான் போட வேண்டுமென்றால் கத்தியே மேல். மூன்றாவது, மிக்ஸியின் வேகத்தைக் குறைக்க கிண்ணத்துக்கு அடியில் பல்சக்கரம் வைத்திருக்கிறார்களா, அதற்கு சர்வீஸ் சென்டரில் மாற்று கிடைக்குமா என்று கேளுங்கள்.

படி 3: மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட், வாட் ஆகியவற்றோடு பெரும்பாலும் ரேட்டிங் நேரமும் இருக்கும். 30 நிமிடம் என்று போட்டிருந்தால் அரைமணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று பொருளில்லை. சில நிமிடம் ஓட்டி, சில நிமிடம் ஆறவிட்டு, அப்படி மொத்தம் 30 நிமிடம். எத்தனை நிமிடம் ஓட்டலாம், எவ்வளவு ஆறவிட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

அங்கேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4250 என்ற எண் இருக்கும். வீட்டு மிக்ஸிக்கான இந்தியத் தர எண் அது. கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அதை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் தட்டினால் யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அடியில் சின்ன சிவப்புப் பொத்தான் இருக்கிறதா? அதுதான் ட்ரிப் ஸ்விட்ச். சுமை கூடினால் மோட்டார் எரிவதற்கு முன்னால் அது துண்டித்துவிடும். சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடும். இது இல்லாத மிக்ஸியை வாங்காதீர்கள்.

காற்றுத் துளைகளும் அடியில்தான். சத்தம் குறையட்டும் என்று பலர் மடித்த துணியின் மேல் மிக்ஸியை வைத்து ஓட்டுகிறார்கள். துணி அந்தத் துளைகளை அடைத்து மோட்டாரைச் சூடாக்கும். அதற்குப் பதில், அடியிலுள்ள ரப்பர் கால்கள் மேடையை நன்றாகக் கவ்வுகின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள்.

படி 4: ஜார்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் கடையில் எல்லோரும் நிறத்தையும் வேகப் பொத்தானையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சட்னி ஜாரை முதலில் எடுங்கள். தினமும் ஓடுவது அதுதான். பிளேடின் நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் துளி அசைந்தால் தவறில்லை. இடமும் வலமும் ஆடக் கூடாது. பிறகு ஜாரைக் கவிழ்த்து, அடியிலிருக்கும் கப்ளரை விரலால் சுற்றிவிடுங்கள். உரசல் சத்தம் இல்லாமல், இறுக்கமும் இல்லாமல் சுழல வேண்டும். பிளேடின் தண்டு ஒரு உலோகப் புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. அந்தப் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும், ஜாருக்கு அடியில் கறுப்பு நீர் கசியும், அது சட்னியிலும் கலக்கும். புது ஜாரிலேயே ஆட்டம் இருந்தால் சீக்கிரமே அந்த நிலைக்கு வரும்.

உள்சுவரைத் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாக மேடாக வரிகள் இருக்க வேண்டும். சுழன்று சுவரில் ஏறுகிற தேங்காயைத் தடுத்து மறுபடி பிளேடு பக்கம் தள்ளுவது அவைதான். வழவழப்பான ஜாரில் ஸ்பூன் விட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஸ்டீல் 304 தரமா என்று கேளுங்கள். சிலர் காந்தத்தை வைத்து, "பாருங்க, ஒட்டலை, 304தான்" என்று காட்டுவார்கள். 304-ம் ஒட்டாது, அதைவிட மலிவான 202-ம் ஒட்டாது. காந்தத்தை நம்பாமல், பெட்டியிலோ கையேட்டிலோ 304 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூடியை வைத்து அழுத்துங்கள். கேஸ்கெட் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் இடுக்கில் பழைய சட்னி புளித்து நாறும். கைப்பிடி ஸ்க்ரூ போட்டிருந்தால் நல்லது, ஆடினால் முடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜாரையும் மோட்டார் மேல் வைத்துப் பாருங்கள். திருகாமலும் குத்தாமலும் உட்கார வேண்டும்.

படி 5: கப்ளர்

மோட்டார் தலையில் பூப்போல ஒன்று இருக்கிறதே, அதுதான் கப்ளர். ஜாரின் அடியில் இருக்கிற ஜோடியோடு பல்லுக்குப் பல் பொருந்தி, சுழற்சியை பிளேடுக்குக் கொடுக்கும். பெரும்பாலும் நைலான் அல்லது ரப்பர். "ஐயோ, பிளாஸ்டிக்கா?" என்று பதற வேண்டாம். பிளேடில் கல்லோ கொட்டையோ மாட்டினால் முதலில் தேய்ந்து உடைய வேண்டியது அதுதான். அது தன்னைக் கொடுத்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. விலையும் குறைவு. ஊர்க் கடையில் கிடைக்கிற அளவா என்பது மட்டும் முக்கியம், அதைத்தான் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டோமே.

படி 6: வாரண்டி அட்டை

"5 வருஷ வாரண்டி" என்று பெரிய எழுத்தில் இருந்தால், எதற்கு என்று சின்ன எழுத்தில் படியுங்கள். அநேகமாக மோட்டாருக்கு 5 வருஷம், மொத்த மிக்ஸிக்கு 2 வருஷம் என்று இருக்கும். ஜார், கப்ளர், பிளேடு போன்ற தேய்கிற பாகங்கள் பெரும்பாலும் இதில் சேராது. தனி ஜாரின் விலையையும் இப்போதே கேட்டு வையுங்கள். மூன்று ஜார் விலை சேர்ந்து மிக்ஸி விலையை நெருங்கினால் அந்த மாடலை விட்டுவிடலாம். பில்லை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காகிதத்தில் எழுத்து மறைந்துவிடும்.

அமெரிக்கா, கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதாக இருந்தால் இங்குள்ள 230 வோல்ட் மிக்ஸியை மூட்டை கட்டாதீர்கள். அங்கே 120 வோல்ட், மிக்ஸி சோர்ந்து சோர்ந்துதான் சுற்றும். அந்த நாடுகளுக்கென்றே 110 வோல்ட் என்று பெயர் போட்ட மாடல்கள் விற்கிறார்கள். இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் என்றால் பிளக்கை மாற்றினால் போதும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் எல்லா ஜாரையும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சாதாரணமாகக் குறைகள் இந்தச் சில நாளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பெரிய ஜாரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, முதல் வேகத்தில் அரை நிமிடம் ஓட்டுங்கள். ஜாரை எடுத்துச் செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் அடியில் கசிவு. அடுத்து, சட்னி ஜாரில் கால் மூடித் தேங்காயும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும். ஒரு முறை வழித்துவிட்ட பிறகு நைசாக வர வேண்டும். அப்புறம் நடு ஜாரில் வறுத்து ஆறவைத்த மல்லியும் மிளகும். கடைசியில் ஊறவைத்த உளுந்து. எதையும் ஜாரில் முக்கால் பாகத்துக்கு மேல் போடாதீர்கள். சூடான ரசப் பருப்பையோ சூப்பையோ அப்படியே ஊற்றி ஓட்டவும் கூடாது, நீராவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

முதல் சில தடவை லேசாக வார்னிஷ் வாசம் வரும். மோட்டார் வைண்டிங் மேல் பூசியிருப்பது சூடாகிற வாசம் அது, தானே நின்றுவிடும். ஒரு வாரத்துக்குப் பிறகும் வந்தாலோ, கருகல் நாற்றமாக மாறினாலோ, காற்றுத் துளை வழியே பெரிதாகப் பொறி தெரிந்தாலோ சும்மா இருக்காதீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எதையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம். பெட்டி இல்லாமல் போனால் மாற்றித் தர மாட்டேன் என்று சொல்கிற கடைகள் உண்டு.