பருத்தி விதையில் ஒரு துண்டு போதும்: கொழுப்பமிலம் பார்க்கும் முறை

நல்ல எண்ணெய் தரும் பருத்திச் செடியைத் தெரிந்தெடுக்க, எண்ணெயை ஆக்கும் கொழுப்பமிலங்கள் எவை, எவ்வளவு என்று விதையை அரைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அரைத்த விதை முளைக்காது. அதனால் விதையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை நட்டுவிடுவதுதான் வழக்கம். திருகோணமலையில் ஆய்வுகூடத்துக்குள் புதிதாகக் கால் வைக்கும் தம்பி தங்கைகளுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

1. காயவிடுங்கள்

ஐப்பசியில் மழை தொடங்கினால் எங்கள் ஊரில் உப்புக்கூட கசியும். விதையில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால் லிப்பேசு நொதியம் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில் வையுங்கள்.

2. வெட்டுங்கள்

அவசரப்படக்கூடாத இடம் இதுதான். விதையின் கூரான முனையில் முளைவேர் இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. அகன்ற முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கை பிளேட்டால் வெட்டி, கோதை நீக்குங்கள். வெட்டிய முகத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூஞ்சணம் என்று வீசிவிடாதீர்கள், அவை கொசிப்போல் என்ற நச்சைத் தாங்கும் சுரப்பிகள். துண்டுக்கும் மிச்ச விதைக்கும் ஒரே இலக்கம் போடுங்கள். இலக்கம் மாறினால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண்.

3. மெதயில் எசுத்தராக்குங்கள்

எண்ணெய் அப்படியே கருவியில் ஆவியாகாது, அதனால் கொழுப்பமிலங்களை எளிதில் ஆவியாகும் மெதயில் எசுத்தர்களாக மாற்றுகிறோம். துண்டை மூடியுள்ள கண்ணாடிக் குழாயில், எண்ணெயைக் கரைக்கும் எக்சேன் 2 மில்லிலீற்றரோடு நசுக்குங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது. 100 மில்லிலீற்றர் மெதனோலில் 11.2 கிராம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கரைத்த கரைசலில் 0.2 மில்லிலீற்றர் விட்டு, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். படைகள் பிரிந்ததும் மேல்படையை மட்டும் எடுங்கள்.

ஈரத்தில் கெட்ட விதைக்கு இந்த முறை சரிவராது: உடைந்து தனியாக நிற்கும் கொழுப்பமிலம் காரத்தோடு சவர்க்காரமாகிவிடும், எசுத்தராகாது. அதற்கு அமில ஊக்கிதான் வேண்டும்.

4. ஜீசியில் விடுங்கள்

ஜீசி என்பது கலவையை ஆவியாக்கி, நிரல் என்ற நீண்ட குழாய்க்குள் ஓடவிட்டுப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி. அதில் முனைவுள்ள நிரலைப் போட்டால் பாமிற்றிக், சிட்டியரிக், ஒலெயிக், லினோலெயிக் என்ற கொழுப்பமிலங்களின் உச்சிகள் இந்த ஒழுங்கில் வரைபடத்தில் வரும். தெரிந்த எசுத்தர்க் கலவையை முதலில் ஓடவிட்டு நேரங்களை ஒப்பிடுங்கள். பருத்தி விதையில் சிறிதளவே உள்ள மல்வலிக், இசுற்றெர்குலிக் அமிலங்கள் சூட்டில் சிதைபவை, இந்த ஓட்டத்தை வைத்து அவற்றுக்குக் கணக்குச் சொல்லக்கூடாது.

5. வாசியுங்கள்

சாதாரண பருத்தி எண்ணெயில் லினோலெயிக் பாதியளவு, பாமிற்றிக் ஏறக்குறைய கால்வாசி, ஒலெயிக் 15 முதல் 20 சதவீதம், சிட்டியரிக் 2 முதல் 3. லினோலெயிக் கூடிய எண்ணெய் வடைச்சட்டியில் சீக்கிரம் காறும். ஒலெயிக் கூடினால் சூட்டைத் தாங்கும். ஒலெயிக்கை லினோலெயிக்காக மாற்றும் மரபணுவை அடக்கி, ஒலெயிக்கை முக்கால் பங்குக்கும் மேலே கொண்டுபோனதை ஆஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2002இல் வெளியிட்டது. மரபணு மாற்றாமல் தெரிவு மட்டும் செய்பவர்களுக்கு அவ்வளவு பாய்ச்சல் கிடைக்காது. ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தை நம்புமுன் ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை ஓடவிடுங்கள்.

ஒலெயிக் கூடிய இலக்கங்களின் மிச்ச விதையை எடுத்து, வெட்டிய முகத்தில் பூஞ்சணநாசினி தடவி, சுட்டு ஆறவைத்த மணலில் நடுங்கள்.