அல்சாஸ்: பிரான்சின் கிழக்கு எல்லையைச் சுற்றிப் பார்க்க

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அல்சாஸின் முதன்மை நகரான ஸ்ட்ராஸ்பர்க் வந்துவிடும். 1871-இலும் 1940-இலும் ஜெர்மனியின் கைக்குப் போய்த் திரும்பிய மண் இது என்பதை நினைவில் வைத்தால், பழைய நகரின் தெருப் பலகைகளில் இரு மொழிகளைக் காண்பது வியப்பளிக்காது.

முதல் நாளைப் பேராலயத்துக்கே ஒதுக்குங்கள். வோஜ் மலையின் செம்மணற்கல்லால் எழுப்பப்பட்டு 1439-இல் நிறைவுற்ற இதன் கோபுரம் 142 மீட்டர் உயரம். வெயில் சாயச் சாயக் கல்லின் நிறம் மாறுவதை எதிரிலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில், பகல் 12.30 மணிக்குச் சீடர்களின் உருவங்கள் இயேசுவின் முன் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, மேலிருக்கும் சேவல் சிறகடித்து மூன்று முறை கூவும். இதற்குத் தனிச் சீட்டு உண்டு என்பதால் முன்னதாகவே சென்றுவிடுங்கள்.

மாலையில் டிராமிலேயே ரைன் நதியைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்குப் போய் வரலாம். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

மறுநாள் ரயிலில் அரை மணி நேரப் பயணமாகக் கோல்மார் சென்று, உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஜெர்மன் ஓவியர் க்ரூனவால்டின் ஈசன்ஹைம் பீட ஓவியங்களைப் பாருங்கள். சுமார் 170 கி.மீ. நீளமுள்ள திராட்சைத் தோட்டச் சாலைக்கு வாடகைக் கார் வசதி. டிசம்பர் மாதக் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்தைவிட, இலைகள் பொன்னிறமாகும் அக்டோபரே என் தேர்வு.