புகார் சொன்னால் பதிவு போய்விடுமா? மறுவாழ்வு முகாம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணை நிற்பது எப்படி

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், காவிரிப் படுகையின் தலைவாசலான திருச்சியில், கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் இன்றும் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தி, மாநிலம் முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. வீடும் பணமும் மிகவும் தேவையானவை. ஆனால் வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கும், பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட சிறுமிக்கும், கட்டிலை விட்டு எழ முடியாத முதியவருக்கும் வேறொரு துணையும் வேண்டும். அந்தத் துணையாக நிற்க முன்வரும் மகளிர் குழுவினர், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக, பல ஆண்டுகளாக முகாமுக்குப் போய்வரும் ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தொடக்க காலத்தில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த வேலை முழுவதற்கும் திறவுகோல் என்று நினைக்கிறேன். மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்து விசாரித்தபோது "விழுந்திட்டன்" என்று சொன்னார். பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தவர், பேருந்து வரும் நேரத்தில், "அக்கா, உள்ளதைச் சொன்னா எங்கட பதிவை வெட்டிப் போடுவினமோ?" என்று கேட்டார். அடியை விட, முகாமில் இருப்பதற்கே ஆதாரமான அகதிப் பதிவு போய்விடும் என்ற அச்சமே அவர் வாயை மூடியிருந்தது. இந்த அச்சத்துக்குப் பதில் சொல்லத் தெரியாமல் யாரும் முகாமுக்குள் 'விழிப்புணர்வு' செய்யப் போக வேண்டாம்.

பதில் இதுதான். அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. இதையே காட்டி, "உங்களுக்கு இங்கே எந்த உரிமையும் இல்லை" என்று மிரட்டுபவர்கள் உண்டு. அது பொய். அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் 'குடிமகன்' என்று சொல்லாமல் 'நபர்' என்றே சொல்கின்றன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்தப் பெண்ணிடமும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூவருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மேலும், 2025 செப்டம்பரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். இவற்றை மனப்பாடமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேள்வி பேருந்து வரும் நேரத்தில்தான் வரும்.

அடுத்தது, கேட்கும் முறை. முகாம் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். ஆகவே வீட்டுக்குள் உட்கார்ந்து விசாரிக்காமல், ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூடப் போகும் வழியிலும், தையல் வகுப்பு முடிந்த பிறகும் பேச்சுக் கொடுங்கள். தாளும் பேனாவும் வெளியே வர வேண்டாம். முகாம் தலைவரையோ கணவரின் உறவினரையோ சமாதானத்துக்கு அழைக்கும் முன், யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். நம் ஊர்க் காதுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'கரைச்சல்' என்று அவர்கள் சொல்வது நமக்குச் சின்னத் தொந்தரவாகக் கேட்கும். "அவர் சரியான கரைச்சல்" என்று ஓர் இளம்பெண் சொன்னதை நான் அப்படித்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். பொறுமையாக இன்னும் இரண்டு கேள்வி கேட்ட பிறகுதான், வேலை செய்யும் இடத்தில் ஒருவர் தொடர்ந்து அவர் உடலைத் தொட்டுவருவது தெரிந்தது. எனவே சொல்லின் பொருளை ஊகிக்காமல், "என்ன செய்தார்?" என்று கேளுங்கள்.

முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். புகார், தங்குமிடம், குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள பாதுகாப்பு அலுவலர், 181 மகளிர் உதவி எண், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் என்று உள்ள வழிகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் விளக்குங்கள். இன்று வேண்டாம் என்று அவர் சொன்னால், வற்புறுத்தாமல் மறுவாரமும் போங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் இந்த விதி மாறுகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் கொடுமை நேர்ந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எவராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 'பெரியவர்கள் பேசி முடிக்கலாம்' என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். தாயிடம் இதை முன்கூட்டியே சொல்லி, அவருடைய பயத்தைக் குறைக்கும் விவரங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்: குழந்தை சொல்வதை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது, பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். நீங்களே துருவித் துருவி விசாரிக்காதீர்கள்; ஒரே கதையை நான்கு பேரிடம் சொல்லவைப்பது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கொடுமை.

பள்ளிச் சேர்க்கை ஒப்பீட்டில் எளிது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பையன்கள் பெயிண்டிங் வேலைக்குப் போய்விடுவதும், பெண்பிள்ளைகளுக்கு அவசரமாகக் கல்யாணம் பேசுவதும்தான் கடினமான இடம். அங்கே அறிவுரை எடுபடாது. அதே முகாமில் படித்து வேலைக்குப் போன ஓர் அக்காவை அழைத்துவந்து உட்காரவைத்தால் எடுபடும்.

மாற்றுத்திறனாளிகளிடம் நாம் செய்யும் முதல் தவறு, அவரை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவரிடம் பேசுவது. கொடுமை செய்பவரே அந்தத் துணையாக இருக்கக்கூடும். பெண்களையும் உடல், மன இயலாமை உள்ளவர்களையும் விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது என்றும், அவர்கள் வசிக்கும் இடத்துக்கே அதிகாரி செல்ல வேண்டும் என்றும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு சொல்கிறது. பாலியல் குற்றமானால், மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ உடனிருக்க, வாக்குமூலத்தை வீடியோவிலும் பதிய வேண்டும். பேச முடியாத பெண்ணின் சைகையை அவர் தாய் மட்டுமே புரிந்துகொள்வார் என்றால், அதிகாரி வருவதற்கு முன்பே சைகைமொழி தெரிந்தவருக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஊனச் சான்றிதழ் பெற மருத்துவக் குழுவிடம் அழைத்துப் போகும்போது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்; கண்ணுக்குத் தெரியாத மனநோய்க்கும் அதில் இடமுண்டு. போரைக் கண்டு வந்தவர்களிடையே அது பலகாலம் கவனிக்கப்படாமலே இருந்திருக்கிறது.

காகிதங்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மூலப் பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவராதீர்கள். ஒருமுறை அவசரத்தில் ஒரு மேசையில் நான் கொடுத்துவிட்டு வந்த பிறப்புச் சான்றிதழ் திரும்பக் கிடைக்கவேயில்லை. அந்தத் தாய் அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பாலித்தீன் பையில் சுற்றி, இரண்டு வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வைத்திருந்தார். பிறந்த தேதி பலரின் வாழ்க்கையையே மாற்றக்கூடியது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியக் குடிமகன். அப்படி ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. ஆகவே வீடு வீடாக ஆவணங்களைப் பார்க்கும்போது அந்தத் தேதிகளைத் தனியாகக் குறித்துவைத்து, உரியவரை வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள்.

பிறகு ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு, முகாம் பெண்களோடு கழிப்பறை வரை நடந்து பாருங்கள். அதை மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, எந்த முனையில் ஆண்கள் குடிக்க உட்காருகிறார்கள் என்பதை அந்தப் பெண்களே சொல்வார்கள். பொதுக் கழிப்பறை 20 பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நிவாரணப் பணிகளில் உலகம் ஏற்ற அளவு. நடந்து எண்ணிய கணக்கோடு மனு எழுதி, எழுதியவர்களே ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் நில்லுங்கள்.

கடைசியாக மழைக்காலம். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, நடக்க முடியாதவர்களைக் காப்பிடத்துக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி பிறப்பதற்குள், முகாமின் ஒவ்வொரு வரிசையிலும் யார் படுக்கையில் இருக்கிறார், யார் நிறைமாதம், யாருக்குக் காது கேட்காது, யார் அன்றாடம் மாத்திரை சாப்பிட வேண்டியவர் என்று அந்த வரிசைப் பெண்களே பட்டியல் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் தூக்கிப் போக இருவர், மாத்திரைப் பையையும் காகிதங்கள் உள்ள டின்னையும் எடுக்க ஒருவர் என்று எழுதி, வெயில் அடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே நாற்காலியோடு தூக்கிப் பழகிப் பாருங்கள். தூக்கப்படுபவரிடம் எங்கே பிடித்தால் வலிக்கும் என்று கேட்டுக்கொண்டு தூக்குங்கள்.