வேலையும் இன்சூரன்ஸும் போனா கவுன்சிலிங்க என்ன செய்ய? அமெரிக்கா போற நம்ம தின்னவேலி பிள்ளைகளுக்கு

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி பக்கம் இருந்து அமெரிக்கா கெளம்புற பிள்ளைகள் எங்க வீட்டுக்கு வந்து வாடகை, கார் லைசென்ஸ், இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் போறாவ. ஆனா அங்க போயி ராத்திரி தூக்கம் வராம, காரணமே இல்லாம அழுகை வந்து, ஒரு மனநல கவுன்சிலர்ட்ட போக ஆரம்பிச்சு கொஞ்சம் தேறி வார நேரத்துல வேலை போயி கூடவே கம்பெனி குடுத்த இன்சூரன்ஸும் போனா என்ன செய்யணும்னு யாரும் கேக்கறதில்ல. நான் அங்க பல வருசம் இருந்துட்டு ஊருக்கு வந்தவ. அந்த நெலமைல நம்ம சனம் மொதல்ல நிறுத்துற செலவு கவுன்சிலிங்தான். எச்1பிங்கிற வேலை விசால இருக்கவங்களுக்கு வேலை முடிஞ்சதுல இருந்து 60 நாள் வரைதான் கெடு, அதுக்குள்ள வேற வேலை பாக்கணும், இல்ல வேற விசாவுக்கு மாறணும், இல்ல ஊருக்கு கெளம்பணும். மனசு ரொம்ப ஆடிப்போற சமயமே அதுதான், அந்த நேரத்துல போயி கவுன்சிலிங்க நிறுத்துனா எப்படி?

வேலை போன அன்னைக்கே எச்ஆர்ட்ட கவரேஜ் எந்த தேதியோட முடியுதுன்னு கேட்டு ஈமெயில்ல வாங்கிருங்க. சில கம்பெனில கடைசி வேலை நாளோட முடிஞ்சிரும், சிலதுல அந்த மாசக் கடைசி வரை இருக்கும். அந்த மிச்ச நாளுக்குள்ள கவுன்சிலர ஒரு தடவை பாத்துருங்க, மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்ட்ட 90 நாளுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. மாத்திரைய மட்டும் காசு மிச்சம் பிடிக்கணும்னு திடீர்னு நிறுத்திறாதீங்க, தலைசுத்து, படபடப்புன்னு படுத்தி எடுத்துரும், பழைய நோவும் திரும்பி வரும். நெறைய மாத்திரைக்கு ஜெனரிக், அதான் அதே மருந்து பிராண்டு பேர் இல்லாம மலிவா, இருக்கு, இன்சூரன்ஸ் இல்லாமலே குட்ஆர்எக்ஸ்ங்கிற சைட்ல எடுத்த கூப்பன் காட்டி கம்மி விலைக்கு வாங்கலாம். கம்பெனில எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் புரோகிராம்னு ஒண்ணு இருந்தா அதுல சில செஷன் ஃப்ரீயா கிடைக்கும், வேலை போன பிறகும் கொஞ்ச நாள் உண்டான்னு மறக்காம கேளுங்க.

அடுத்து கோப்ரா, வேலை போன பிறகும் கம்பெனி இன்சூரன்ஸ தொடர விடுற அமெரிக்கச் சட்டம். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனின்னா, அதே இன்சூரன்ஸ பொதுவா 18 மாசம் வரை நாமளே பணம் கட்டித் தொடரலாம், அதே கவுன்சிலர்ட்ட போகலாம். கம்பெனி கட்டிட்டு இருந்த பங்கையும் நாமதான் கட்டணும், மேல 2 சதவீதம் வரை வேற, அதனால தொகைய பாத்ததும் மலைச்சிப் போயி கோப்ரா லெட்டர மடக்கி வச்சிருதாவ. கல்லிடைக்குறிச்சிக்காரப் பொண்ணு ஒருத்தி, புருசனோட வேலை விசாவ ஒட்டிக் கிடைக்கிற எச்4ல இருக்கவ, புருசனுக்கு வேலை போனதும் வாட்ஸ்அப்ல கூப்பிட்டு "சித்தி, குடும்பத்துக்கே சேத்து எம்புட்டு கேக்காவன்னு பாருங்க, நான் இனி கவுன்சிலிங் போகல"ன்னா. ஏட்டி, அடுத்த பக்கத்த திருப்பி வாசின்னு சொன்னேன். அதுல ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா கோடு போட்டு இடம் விட்டிருந்தாவ. புருசன், பொண்டாட்டி, பிள்ளைன்னு ஆளாளுக்கு தனியா எடுக்கலாம், இது நெறைய பேருக்குத் தெரியல. அவ தன் பேர மட்டும் எழுதி, ஒரு ஆளுக்கு உண்டான பிரீமியம் மட்டும் கட்டி, அதே கவுன்சிலர் அம்மாட்டயே கவுன்சிலிங்க தொடர்ந்தா. புருசனும் பிள்ளையும் மலிவா வேற பிளான் பாத்துக்கிட்டாவ.

கோப்ரா எடுக்கவும் 60 நாள் டைம் உண்டு. எடுத்தா கவரேஜ் போன நாள்ல இருந்தே கணக்கு, ஆனா விட்டுப்போன மாசத்துக்கும் சேத்து கட்டணும். நடுவுல கைக்காசு குடுத்து போன செஷனுக்கு பில்ல பத்திரமா வச்சிருந்தா பின்னால கிளெய்ம் போடலாம். கம்பெனியே மூடி அந்த பிளானே இல்லாம போயிட்டா மட்டும் கோப்ரா கெடையாது.

அரசாங்க சைட்ல நாமளே பாத்து வாங்குற மார்க்கெட்பிளேஸ் பிளான் இன்னொரு வழி, ஹெல்த்கேர் டாட் கவ் இல்லேன்னா உங்க ஸ்டேட்டோட சைட். இன்சூரன்ஸ் போனதுல இருந்து 60 நாளுக்குள்ள சேரலாம். இந்த பிளான்ல மனநல சிகிச்சை கட்டாயம் உண்டு, ஏற்கனவே டிப்ரஷன் இருக்குன்னு தள்ளவும் முடியாது. பிரீமியத்துக்கு குடுக்குற வரிச் சலுகை மட்டும் 2025ல வந்த சட்டப்படி 2027 ஜனவரில இருந்து எச்1பி, படிக்கப் போறவங்களோட எஃப்1 மாதிரி விசால இருக்கவங்களுக்கு கிடைக்காது, அத மனசுல வச்சு கணக்கு போடுங்க. ஷார்ட் டெர்ம் பிளான்னு மலிவா விக்கிறத நம்பி ஏமாறாதீங்க, பலதுல மனநலமே சேராது.

எதுவுமே கட்ட முடியலயா, அப்பவும் கவுன்சிலர்ட்ட சொல்லாம நின்னுறாதீங்க, நம்ம ஆளுக கூச்சப்பட்டுக்கிட்டு மெசேஜுக்கு பதிலே போடாம இருந்துருதாவ. "எனக்கு இன்சூரன்ஸ் போயிட்டு, ஸ்லைடிங் ஸ்கேல் உண்டா"ன்னு நேரா கேளுங்க, வருமானத்துக்கு தக்கன ஃபீஸ குறைக்கிறவங்க நெறைய பேர் இருக்காவ. வாரம் ஒண்ணுங்கறத ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா ஆக்கிக்கலாம். கைக்காசு குடுக்குறவங்களுக்கு எவ்வளவு ஆகும்னு முன்கூட்டியே எழுத்துல குடுக்கணும்னு 2022ல இருந்து சட்டமே இருக்கு, தயங்காம கேளுங்க. சைக்காலஜி படிப்பு இருக்க யுனிவர்சிட்டி பக்கத்துல இருந்தா அவுக டிரெய்னிங் கிளினிக்ல ஃபீஸ் கம்மி. கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல வருமானத்த பாத்துதான் கட்டணம், காசு இல்லேன்னு திருப்பி அனுப்ப மாட்டாவ. 211க்கு போன் போட்டா பக்கத்துல எது இருக்குன்னு சொல்லுவாவ.

ஊர்ல இருக்க அம்மை அப்பாட்ட எப்படி சொல்லன்னுதான் எல்லாரும் தவிக்காவ. "ஊருக்கு வந்து பாவநாசத்துல ரெண்டு முங்கு போட்டுட்டுப் போ, எல்லாம் சரியாப் போவும்"னு அவுக சொல்றது பாசத்துலதான், அதுக்கு சண்டை போட வேண்டாம். "டாக்டர்ட்ட போயிட்டிருக்கேன், நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்காவ"ன்னு சொல்லிப் பாருங்க, டாக்டர் சொல்லுக்கு நம்ம வீட்டுல எப்பவும் மரியாதை உண்டு. லீவுல ஊருக்கு வந்தா அங்க பாத்த சிகிச்சைய பத்தி ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. மகன் மகள நெனச்சு கலங்கிப்போயிருக்க பெத்தவங்களுக்கும் 14416 இருக்கு, டெலிமானஸ்ங்கிற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், இந்தியாக்குள்ள இருந்து கூப்பிடணும், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

நம்ம ஊர் கவுன்சிலர்ட்ட வீடியோல தமிழ்ல பேசுறதும் பெரிய ஆறுதல்தான், ரூபாய்ல கட்டுறதால செலவும் கம்மி. ஆனா இங்க எழுதுற மாத்திரைச் சீட்டு அங்க ஃபார்மசில செல்லாது, ஆபத்துன்னா ஓடி வரவும் இங்க இருந்து முடியாது. அதனால சாகலாம்னு நெனப்பு வந்தா, எந்த ராத்திரியா இருந்தாலும் அமெரிக்கால உள்ள 988 ஹெல்ப்லைனுக்கு போன் போடுங்க, இன்சூரன்ஸும் தேவையில்ல, காசும் இல்ல. இங்கிலீஷ்ல சொல்ல வரலைன்னா "தமிழ் இன்டர்பிரட்டர்"னு மட்டும் சொல்லிட்டு லைன்லயே இருங்க.