ஹோன் அடிக்கேல்லையா? ரிலேயைப் பாருங்கோ

திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமா கார் நிப்பாட்டுற ஆக்களுக்கு இந்த ரிலே (ஹோன் பட்டனை அமத்தினா ஹோனுக்குக் கரண்ட் விடுற சின்னச் சுவிச் பெட்டி) பிரச்சினை வரச் சான்ஸ் கூட, உப்புக்காத்து ரிலே செருகிற சொக்கெட்டுக்குள்ள போய் பின் (கம்பிக்கால்) எல்லாம் பச்சை பூத்துடும்.

முதல்ல பியூஸைப் பாருங்கோ. அது நல்லா இருந்தா ஒராள் ஹோனை அமத்த நீங்க ரிலேல விரலை வைங்கோ, டிக் எண்டு அடிச்சா கொயில் (சுவிச்சை இழுக்கிற காந்தச் சுருள்) பக்கம் ஓகே, ஆனா உள்ளுக்குள்ள கொன்டாக்ட் (ஹோனுக்குக் கரண்ட் விடுற தொடுமுனை) கருகியிருக்கலாம், அதால டிக் கேட்ட உடன ரிலே நல்லம் எண்டு முடிவு கட்டாதேங்கோ. பக்கத்தில அதே நம்பர் ரிலே இருந்தா மாத்திப் போட்டுப் பாக்கிறதுதான் ஈசி, காசும் இல்லை.

அதுக்கும் சரிவரேல்லை எண்டா ரிலேயைக் கழட்டி சொக்கெட்டில மீற்றர் வையுங்கோ. பின்னுகளுக்கு 30, 85, 86, 87 எண்டு நம்பர் இருக்கும். ஹோன் ரிலேக்கு 30ல அநேகமா எப்பவும் பற்றரி வோல்டேஜ் நிக்கும். கொயில் பின்னான 85க்கும் 86க்கும் இடையில வைச்சு ஹோனை அமத்தினா அங்கயும் 12 வோல்ட் கிட்ட காட்டோணும், காட்டாட்டி சுவிச், வயர், ஏர்த் இதுல ஒண்டு பிழை. பிறகு பியூஸ் போட்ட வயரால 30ஐயும் ஹோனுக்குப் போற 87ஐயும் கொஞ்ச நேரம் தொடுத்துப் பாருங்கோ, ஹோன் அடிச்சா அங்கால எல்லாம் நல்லம், அடிக்காட்டி ஹோனோ அதுன்ர வயரோ ஏர்த்தோ.

எங்கட ஊர்ல ஓடுற ஜப்பான் கார்ல கனக்க இந்த நம்பருகளுக்குப் பதிலா 1, 2, 3, 5 எண்டுதான் இருக்கும், அதில 1, 2 கொயில், 3, 5 கொன்டாக்ட். எதுக்கும் ரிலே மேல கீறியிருக்கிற படத்தைப் பாத்திட்டு கை வையுங்கோ.

கழட்டின ரிலேன்ர கொயிலை ஓம்ஸ்ல அளந்தா சாதாரணமா 50இல இருந்து 120க்குள்ள வரும், ஒண்டுமே காட்டாட்டி கொயில் அறுந்திட்டு, புதுசு வாங்குங்கோ, அதே அம்பியர், அதே பின் அமைப்பு.