யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு: யோகர் சுவாமிகள் இருந்த இடங்கள்

ஊருக்குப் போகிறவர்கள் நல்லூரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு நேரே கசூரினாக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறார்கள். அதே கோயிலின் தேரடியில் கொஞ்சம் நில்லுங்கள். ஊரார் விசரர் என்று ஒதுக்கிய செல்லப்பா சுவாமிகள் இருந்த இடம் அது. இரணைமடுக் குளத்து வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த யோகநாதனை "நீ யாரடா?" என்று அவர் அதட்டியதும் அங்கேதான். அந்த அதட்டலே உபதேசமாகி, யோகநாதன் யாழ்ப்பாணத்தார் ஞானியென்று போற்றும் யோகர் சுவாமிகளானார் (1872–1964). கோயிலுக்குள் போகும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பையன்களுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஓட்டோ பிடித்துக் கொழும்புத்துறைக்குப் போங்கள். சுவாமிகள் முதலில் சந்தியிலிருந்த இலுப்பை மரத்தடியில் இருந்தார், பிறகு அடியார்கள் கொடுத்த சிறு கொட்டிலில் பல்லாண்டு வாழ்ந்தார். பெரிய மண்டபங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அவரைப் பார்க்கப் போனவர்களுக்கும் எப்போதும் இனிய வரவேற்பு கிடைக்கவில்லை. ஏச்சு வாங்கித் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

பாயை விரித்து ஆசனம் பழகுவதுதான் யோகம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த மரபு புதிதாக இருக்கும். குருவிடமிருந்து வந்த நான்கு வாக்கியங்கள்தான் பாடம்: எப்பவோ முடிந்த காரியம், முழுதும் உண்மை, நாம் அறியோம், ஒரு பொல்லாப்பும் இல்லை. எல்லாம் நம் வீட்டுப் பேச்சு. விளக்கம் வேண்டுமென்றால் அவர் பாடிய 'நற்சிந்தனை'யைப் படிக்கலாம். ஆனால் முதலில் வாக்கியங்களைச் சும்மா சொல்லிப் பார்ப்பதே நல்லது என்பேன்.

காங்கேசன்துறை வீதியில், வண்ணார்பண்ணையில் சுவாமிகளின் வழியில் நடக்கும் சிவதொண்டன் நிலையம் இருக்கிறது. 1935இல் 'சிவதொண்டன்' இதழ் தொடங்கியது. நிலையம் 1950களில் வந்தது. அங்கே திருவடி வழிபாடு நடக்கும், தியான மண்டபத்தில் பேச்சே கிடையாது. கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம். துள்ளித் திரியும் சின்னப் பிள்ளைகளை ஒருவர் வெளியே வைத்திருக்க, மற்றவர் போய் இருந்துவிட்டு வரலாம்.

பங்குனி ஆயிலியம் சுவாமிகளின் குருபூசை நாள். மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் தேரடியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கிழக்குக்குப் போகிறவர்களுக்கு மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியிலும் ஒரு சிவதொண்டன் நிலையம் உண்டு.