பெட்டியும் மின்சுற்றின் உறுப்புதான்: வீட்டில் கிட்டார் பெடல் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் என் மேசைக்கு வேலை செய்யாத கிட்டார் பெடல்கள் வரத் தொடங்கும். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள் அவை. கேரல் பவனிக்கு ஒத்திகை பார்க்கும் இளைஞர்கள், தாங்களே செய்த ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், ஓவர்டிரைவ், எதிரொலி தரும் டிலே பெடல்களைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து, "படத்துல உள்ளபடிதான் போட்டிருக்கேன், அண்ணாச்சி, ஆனாலும் இரையுது" என்பார்கள். திறந்து பார்த்தால் அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ரெசிஸ்டரும் கன்டென்சரும் அவற்றுக்குரிய இடத்தில்தான் இருக்கும். கோளாறு பெட்டியில் இருக்கும். போர்டில் ஈயம் வைப்பது மின்வேலை என்றும், பெட்டியைத் துளைத்து வண்ணம் அடிப்பது அலங்கார வேலை என்றும் இரண்டாகப் பிரித்துக்கொள்வதே, நான் பார்த்த வரையில், இந்தக் கைவேலையில் நேரும் முதல் தவறு.

கிட்டாரின் தந்தி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம். ஃபஸ் பெடல் அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது, அருகிலுள்ள டியூப்லைட் சோக்கும் மின்விசிறி ரெகுலேட்டரும் மைக் செட்டுக்காரரின் மின்கம்பியும் பரப்புகிற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடும். அதைத் தடுத்து நிறுத்துவது எர்த்தோடு இணைந்த உலோகப் பெட்டி. எர்த் என்று இங்கே சொல்வது சுவர்ப் பிளக்கில் உள்ள எர்த்தை அன்று; பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு சேரும் பொதுக் கம்பியை. பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிய பெடல் வீட்டில் ஓரளவு அமைதியாக இருந்தாலும், ஜெனரேட்டர் ஓடும் ஸ்தோத்திரப் பண்டிகை மேடையில் ஏறியதும் அலறுவதற்குக் காரணம் இதுவே.

நாசரேத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த ஓவர்டிரைவ் பெடல் இதற்கு நல்ல உதாரணம். மயில்கழுத்து நிறத்தில், கண்ணாடி போன்ற வழவழப்போடு, கடையில் விற்கும் பெடலே தோற்றுவிடும் அழகில் இருந்தது. ஆனால் கால் பட்டாலே இரைச்சல் கூடியது. பெட்டியின் வெளிப்புறத்தோடு உட்புறத்துக்கும் மூடியின் விளிம்புக்கும் அவர் மூன்று பூச்சு எனாமல் அடித்திருந்தார். பெயின்ட் மின்சாரம் கடத்தாது. கேபிள் செருகும் ஜாக்கின் உலோகக் கழுத்து பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டால்தான் பெட்டி எர்த்தாகும். மூடியும் பெட்டியை வெற்று உலோகமாகத் தொட்டால்தான் அடைப்பு முழுமையாகும். ஜாக் துளையின் உட்புறத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கும், மூடி படியும் விளிம்பிலும் உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தை வெளிக்கொண்டு வந்தோம். பத்து நிமிட வேலை, இரைச்சல் அடங்கிவிட்டது. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்கைப் பயன்படுத்துவோர் பெட்டிக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி கொடுத்தாக வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறு மின்சாரம் கொடுக்கும் துளையில் நேர்கிறது. கிட்டார் பெடல் உலகின் வழக்கப்படி 9 வோல்ட் அடாப்டரின் நடுமுனை நெகட்டிவ், வெளி வளையம் பாசிட்டிவ். ரேடியோ கடையில் மலிவாகக் கிடைக்கும் உலோக உடல் டிசி சாக்கெட்டை வாங்கிப் பெட்டியில் பொருத்தினால், பாசிட்டிவாகிய அந்த வெளி வளையம் எர்த்தாகிய பெட்டியைத் தொட்டு, அடாப்டர் நேரடியாக ஷார்ட் ஆகும். வண்ணப்பூச்சு தடுத்துக் கொள்ளும் என்று நம்பக் கூடாது. நட்டை முறுக்கும்போதே பூச்சு கிழிந்துவிடும். இந்த ஒரு சாக்கெட் மட்டும் பிளாஸ்டிக் உடலோடு இருப்பது கட்டாயம்.

துளை போடும் வேலை வண்ணத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு துளையை மறந்துவிட்டுப் பிறகு வண்ணத்தின் மேல் டிரில்லை வைப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எல்லா உறுப்புகளையும் பெட்டிக்குள் வெறுமனே அடுக்கிப் பார்த்த பிறகே குறி வைக்க வேண்டும். 1590பி எனப்படும் வார்ப்பு அலுமினியப் பெட்டி ஏறத்தாழ 112 மில்லிமீட்டர் நீளமும் 60 மில்லிமீட்டர் அகலமும் 31 மில்லிமீட்டர் உயரமுமே கொண்டது. அதில் இரண்டு ஜாக், ஒரு கால் சுவிட்ச், மூன்று வால்யூம் கன்ட்ரோல் ஆகியவற்றோடு பேட்டரியையும் திணிக்க முயல்வது முதல் பெடல் செய்பவருக்கு ஏற்றதன்று. சற்றுப் பெரிய 125பி பெட்டியில் தொடங்கலாம். எவர்சில்வர் டிபன் டப்பாவில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: மின்சுற்றுக்கு அது போதும், ஆனால் டிரில் முனை மழுங்கும், காலால் மிதித்தால் மூடி நெளியும். இன்னொன்று, வெளியே இடப்பக்கம் இருப்பது பெட்டியைக் கவிழ்த்து உள்ளே பார்க்கும்போது வலப்பக்கம் ஆகிவிடும். இதை மறந்து கம்பி இணைத்தால், வால்யூமைக் கூட்டத் திருப்பும்போது ஒலி குறையும்.

வண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்திலும் இரும்பிலும் ஒட்டுவது போலப் பெயின்ட் அலுமினியத்தில் ஒட்டாது, ஏனெனில் அதன் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும்; அதோடு வார்ப்பு அச்சின் எண்ணெய்ப் பசையும் கைவிரல் பிசுக்கும் சேர்ந்துகொள்கின்றன. பெட்டியை 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, தின்னர் நனைத்த துணியால் துடைத்த பிறகு வெறும் கையால் தொடவே கூடாது. வார்ப்பில் உள்ள குழிகளைக் கார் பட்டறையில் பார்ப்பது போலப் பட்டி பார்த்துச் சமப்படுத்திவிட்டு, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கும் அடிப்பூச்சாகிய எட்ச் பிரைமரை மெல்லியதாக ஒரு பூச்சு அடிக்க வேண்டும். பிரைமரைத் தவிர்த்து மிச்சப்படுத்தும் பணம், இரண்டே மாதத்தில் சுவிட்சைச் சுற்றி உரிந்து விழும் வண்ணமாகத் திரும்பிவரும்.

நம் ஊர்க் காலநிலை இந்த வேலையில் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று, குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு நமக்குப் புழுதியை மட்டும் அனுப்பும். மொட்டை மாடியில் ஸ்பிரே அடித்தால் ஈரப் பூச்சில் அந்தப் புழுதி பதிந்து, பெட்டி உப்புத்தாள் போலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் லேக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது குளிரும் பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பூச்சு வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலில் நேராக வைத்தால் மேல்தோல் மட்டும் உலர்ந்து, உள்ளே சிக்கிய தின்னர் கொப்புளமாக எழும்பும். கேரலுக்கு வேண்டிய பெடலுக்குப் புரட்டாசியிலேயே, காற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், நிழலில் வைத்து வண்ணம் அடித்துவிடுங்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறேன். அவர்களும் ஆண்டுதோறும் கார்த்திகையில்தான் தொடங்குகிறார்கள்.

ஒரே கனத்த பூச்சு வழியும். மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளே நிற்கும். எனாமலின் மேல் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிப்பது இன்னொரு பெருந்தவறு: லேக்கரில் உள்ள கடுமையான தின்னர் கீழே உள்ள எனாமலைக் கரைத்துச் சுருங்க வைத்துவிடும். அடியில் எந்த வகையோ, மேலேயும் அதே வகையைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. கணினி அச்சில் எடுத்த ஒட்டுப்படத்தை வைப்பவர்கள், இங்க்ஜெட் மை நீரில் கரையும் என்பதால், நீரில் நனைக்கும் முன்பே அதன் மேல் மெல்லிய கிளியர் பூச்சு கொடுத்துவிட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக எனாமல் இறுகிவிட்டது என்று பொருளில்லை. ஒரு வாரம் பொறுத்த பிறகே நட்டுகளை, அடியில் வாஷர் வைத்து, முறுக்க வேண்டும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுப்பதாயின், 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும் அடுப்பில் வெறும் பெட்டிதான் போக வேண்டும். எர்த் ஆக வேண்டிய இடங்களையும் மூடித் திருகின் மரைகளையும் மறைத்துத் தரும்படி பட்டறையில் சொல்லிவிடுங்கள்.

ஈயம் வைப்பதில் நேரும் தவறுகளைப் புரிந்துகொள்ள, தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்களை நினைத்துப் பார்த்தால் போதும். அவர்கள் ஈயத்தை உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றியதில்லை. பாத்திரத்தைத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, அந்தச் சூட்டில் ஈயத்தை ஓடவிட்டார்கள். போர்டிலும் அதே முறைதான்: கம்பியையும் செம்புப் பொட்டையும் சேர்த்து சால்டரிங் இரும்பால் சூடாக்கி, சூடான இடத்தில் ஈயத்தைத் தொடவேண்டும். இரும்பின் நுனியில் ஈயத்தை உருக்கிக் கொண்டுவந்து தடவினால் அது மேலே உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. ஆனால் நவச்சாரத்தையோ குழாய் வேலைக்கான அமிலப் பசையையோ போர்டில் பயன்படுத்தாதீர்கள். அது நாளடைவில் செம்பை அரித்துவிடும். ஒன்பது கால்கள் கொண்ட கால் சுவிட்சில் ஒரு காலில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் சூட்டை நிறுத்தினால் உள்ளேயுள்ள பிளாஸ்டிக் இளகிச் சுவிட்ச் செத்துவிடும்.

உறுப்புகளை மாற்றிப் போடும்போது கால்களின் வரிசையைப் பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. வெளிநாட்டு வரைபடங்கள் 2என்3904 டிரான்சிஸ்டரைக் கேட்கும். திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் கேட்டவுடன் கிடைப்பதோ பிசி547. தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் முன்னதன் கால்கள் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஆகவே திருப்பிப் போட வேண்டும். டிலே பெடலில் வரும் பிடி2399 ஐசி 5 வோல்ட்டில் ஓடுவது. அதற்கு 5 வோல்ட் தரும் 78எல்05 ரெகுலேட்டரின் கால் வரிசை, பெரிய 7805 இன் வரிசைக்கு நேர் எதிரானது. பெரியதைப் பார்த்துப் பழகிய கை சிறியதைத் தவறாகவே வைக்கும்.

தேவாலயத்தில் கீபோர்டின் அடாப்டர் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். அவற்றுள் பல 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பெடலில் செருகினால் அழுத்தமும் தவறு, திசையும் தவறு. உள்ளே வரும் பாதையில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5817 டையோடு ஒன்றைத் தொடராக வைத்தால் திசைப் பிழையிலிருந்து தப்பலாம். அழுத்தப் பிழைக்கு, அடாப்டரின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி வைப்பதைத் தவிர எனக்கு வேறு எளிய வழி தோன்றவில்லை.

கடைசியாக ஜெர்மானியம், அதாவது சிலிக்கானுக்கு முன் டிரான்சிஸ்டர் செய்யப் பயன்பட்ட தனிமம். 1966 இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் குழைவான ஒலியை நாடி, பழைய ஏசி128 போன்ற டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்குகிறார்கள். அவ்வகை பிஎன்பி (மின்னோட்டத் திசை எதிரான) டிரான்சிஸ்டரை வைத்துப் பாசிட்டிவ் எர்த்தாகக் கட்டிய பெடலை, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரி வேண்டும். வெப்பம் ஏறத்தாழ பத்து டிகிரி உயரும்தோறும் ஜெர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் இருமடங்காகிறது என்பதால், மார்கழி இரவில் சரிசெய்த பெடல் மே மாதத் தகரக் கொட்டகையில் தொண்டை கட்டியது போல் விக்கும். எங்கள் வெயிலுக்கு நான் சிலிக்கான் பிசி108 ஐயே சொல்வேன். ஜெர்மானியம்தான் வேண்டுமென்பவர்கள், மூடியைத் திறக்காமலே, டிரான்சிஸ்டரின் இயக்க நிலையைச் சரிசெய்யும் சிறு திருகாகிய பயாஸ் டிரிம்மரைத் திருப்பும்படி பெட்டியின் பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுக்கொள்ளட்டும். அதையும் வண்ணம் அடிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.